பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் (இலங்கை)

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் (அதிகாரம் 40) என்பது கலவரம், கிளர்ச்சி, பேரிடர் ஆகிய காலங்களில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யவும், ஊரடங்கு விதிக்கவும், முப்படையினரை வீதிக்கு அழைக்கவும் இலங்கையின் ஆட்சித் தலைவருக்கு அதிகாரம் தரும் சட்டம். பிரித்தானிய ஆட்சி முடிவதற்கு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன்பு, 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. மக்கள் இதை அவசரகாலச் சட்டம் என்றே சொல்வார்கள். சுதந்திர இலங்கை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இச்சட்டத்தின் கீழ்ப் பிறந்த அவசரகால நிலையிலேயே ஆளப்பட்டிருக்கிறது. நெருக்கடிக்கென்று எழுதப்பட்ட ஒன்று அன்றாட ஆட்சிமுறையாகவே ஆகிவிட்டது என்பதுதான் இதன் வரலாற்றின் சாரம்.

முன்வரலாறு

இத்தகைய அதிகாரத்தின் கொடுமையை இலங்கை முதலில் பெரிய அளவில் கண்டது 1915இல். அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரம் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸ் ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலவரம் சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. இராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனையின்படி, கொழும்பின் இளம் செல்வந்தர் ஹென்றி பெத்ரிஸ் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கவும் அவருடைய சகோதரர்களும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அதிகாரிகள் செய்தவற்றுக்கு வழக்கு வராதபடி காக்கும் ஆணையும் ஆகஸ்டிலேயே பிறப்பிக்கப்பட்டது.

சட்டசபையில் இதைக் கடுமையாக எதிர்த்து நின்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று முறையிட்ட அவர், அடுத்த ஆண்டே இலங்கையின் கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். நாடு திரும்பியபோது சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியைக் குதிரைகளுக்குப் பதிலாகத் தாங்கள் இழுத்துச் சென்றார்கள். சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார்.

இரண்டாவது நிகழ்ச்சி 1937இல் நடந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலை பழக வந்த மார்க் பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரின் பக்கம் நின்று பேசத் தொடங்கினார். அவரை நாடு கடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டது 1896ஆம் ஆண்டின் அரச ஆணை. அது நெருக்கடிக் காலத்துக்கென்று வகுக்கப்பட்டது. நாட்டில் அப்போது அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்த்தது. நெருக்கடி உண்மையில் இருக்கிறதா என்று நீதிபதிகள் துணிந்து கேட்ட அரிய தருணங்களுள் இது ஒன்று. பத்து ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் அந்தக் கேள்வியையே அடைத்துவிட்டது.

1947: வேலைநிறுத்தத்தின் நடுவில்

1947 மே மாதம் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் பரவியது. தொழிற்சங்க உரிமை கேட்டு அரசாங்க எழுதுவினைஞர்களும் அதில் இறங்கினார்கள். ஜூன் 5ஆம் திகதி தொழிலாளர் ஊர்வலத்தின் மீது பொலிஸார் சுட்டதில் வி. கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் உயிரிழந்தார். இலங்கைத் தொழிற்சங்க இயக்கம் இன்றும் தியாகியாக நினைவுகூரும் தமிழர் அவர். இந்த வேலைநிறுத்தத்தின் சூட்டிலேயே, அதே மாதத்தில், அரசாங்க சபை இச்சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது சபையின் முதல்வராக இருந்தவர் 1915இல் சிறையிருந்த அதே டி. எஸ். சேனாநாயக்க.

சட்டத்தின் அமைப்பு

பிரகடனம் வெளியான உடனே, 5ஆம் பிரிவின்படி ஆட்சித் தலைவர் அவசரகால ஒழுங்குவிதிகளை ஆக்கலாம். ஆட்களைத் தடுத்துவைக்கலாம், வீடுகளுக்குள் புகுந்து தேடலாம், சொத்துகளைக் கையகப்படுத்தலாம், நடைமுறையிலுள்ள வேறெந்தச் சட்டத்தையும் திருத்தலாம் அல்லது நிறுத்திவைக்கலாம். சாதாரணச் சட்டத்தோடு முரண்பட்டால் ஒழுங்குவிதியே மேலோங்கும். பிரகடனத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது என்றும், நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்றும் சட்டமே கூறுகிறது. 1915இல் கலவரத்துக்குப் பின் தனி ஆணையாக வந்த காப்பு, இங்கே முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. 1959ஆம் ஆண்டின் திருத்தம் மூன்றாம் பாகத்தைச் சேர்த்தது. அதன்படி, அவசரகால நிலை இல்லாமலே படையினரை அழைக்கவும், ஊரடங்கு விதிக்கவும், அத்தியாவசிய சேவைகளைப் பிரகடனம் செய்யவும் வழி உண்டு.

பயன்பாடு

1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது இடதுசாரிக் கட்சிகள் ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலுக்கு அழைத்தன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடி முடிவெடுத்தது. அவசரகாலம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் மக்கள் இறந்தார்கள். இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

1958 மே மாதக் கலவரத்தில் இச்சட்டத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. பொலன்னறுவையில் தமிழர்கள் வெட்டப்பட்ட நாட்களில் அரசாங்கம் அசையவில்லை. ஆளுநர் நாயகம் ஒலிவர் குணதிலக்க அவசரகாலத்தைப் பிரகடனம் செய்தது மே 27ஆம் திகதிதான். தாக்கப்பட்டவர்களின் கட்சியான தமிழரசுக் கட்சி அப்போது தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். 1961இல் அக்கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) முன்றலில் பிப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய சத்தியாக்கிரகம் அமைதியாகவே நடந்தது. ஏப்ரலில் கட்சி சொந்தமாகத் தபால் தலை வெளியிட்டதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. செல்வநாயகம் உள்ளிட்ட கட்சித் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டார்கள். வன்முறையை அடக்க என்று சொல்லப்பட்ட சட்டம், வன்முறையற்ற போராட்டத்தின் மீது பாய்ந்ததை மன்னிக்க முடியாது. அமைதி வழியில் பயனில்லை என்று அடுத்த தலைமுறை நம்பத் தொடங்கியதில் இதற்கும் பங்குண்டு.

1971 மார்ச்சில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சியை எதிர்பார்த்துப் பிரகடனமான அவசரகாலம், கிளர்ச்சி ஒடுங்கிய பின்னும் 1977 பிப்ரவரிவரை நீடித்தது. அந்த நிழலிலேதான் 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு வந்தது. 'தினபதி', 'சிந்தாமணி' ஆகியவற்றை வெளியிட்ட பத்திரிகை நிறுவனத்துக்கு 1974இல் சீல் வைத்ததும் அவசரகால ஒழுங்குவிதியின் கீழ்தான். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்கப் பிறந்த சட்டம் அங்கே தன் பழைய வேலையைச் செய்தது.

இந்த வரலாற்றின் மிக இருண்ட விதி 1983 ஜூனில் வர்த்தமானியில் வந்தது. 15ஏ என்ற அந்த ஒழுங்குவிதி, மரண விசாரணை இல்லாமலே பாதுகாப்புச் செயலாளரின் அனுமதியோடு சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ பொலிஸாருக்கு அதிகாரம் தந்தது. எப்படி இறந்தார் என்று கேட்கும் உரிமை இறந்தவரின் தாய்க்கும் இல்லாமல் போனது. அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலை வன்முறை வெடித்தது. அப்போது அவசரகாலம் நடப்பில்தான் இருந்தது; தமிழர் வீடுகளையும் கடைகளையும் அது காக்கவில்லை. அதன்பின் 2001வரை, 1989இல் சில மாதங்கள் தவிர, அவசரகாலம் ஓயவில்லை. 2005 ஆகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டதும் மீண்டு வந்து, 2011 ஆகஸ்ட்வரை நின்றது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறை முழுவதும் பாஸ் (பயண அனுமதி), சுற்றிவளைப்பு, உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொற்களுக்கிடையே வளர்ந்தது.

நீதிமன்றமும் யாப்பும்

1978ஆம் ஆண்டின் யாப்பு, 155ஆம் உறுப்புரையில், இக்காலனிக் காலச் சட்டத்தை நாடாளுமன்றமே இயற்றிய சட்டமாகக் கருத வேண்டும் என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. அவசரகாலப் பிரகடனத்தை நாடாளுமன்றம் 14 நாட்களுக்குள் அங்கீகரிக்க வேண்டும். மாதந்தோறும் நீடிக்க வேண்டும். ஒழுங்குவிதிகள் யாப்பை மீற முடியாது. இவை நல்ல வேலிகளே. ஆனால் மாதாந்த வாக்கெடுப்பு பல ஆண்டுகள் வெறும் சடங்காகவே நடந்தது. 1987இல் ஜோசப் பெரேரா வழக்கில் பிரதம நீதியரசர் எஸ். சர்வானந்தா தலைமையிலான அமர்வு, துண்டுப்பிரசுரம் வழங்கப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற ஒழுங்குவிதியைச் செல்லாததாக்கியது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க அறகலய எனப்பட்ட மக்கள் போராட்டத்தின்போது செய்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. நெருக்கடி உண்மையா என்ற 1937ஆம் ஆண்டின் கேள்வி 88 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நீதிமன்றத்தில் ஒலித்தது.

இன்றைய நிலை

2018இல் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்பும் அவசரகாலம் வந்தது. 2025 நவம்பர் 28ஆம் திகதி, டித்வா புயலின் அழிவை எதிர்கொள்ள ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இதே சட்டத்தைக் கையிலெடுத்தார். 1971இல் இச்சட்டத்தால் வேட்டையாடப்பட்ட மக்கள் விடுதலை முன்னணியின் இன்றைய தலைவர் அவர். இத்தனைக்கும் பேரிடருக்குத் தனிச் சட்டம் 2005 முதலே நாட்டில் இருக்கிறது. இச்சட்டத்தின் கீழ் அடிபட்ட எந்தக் கட்சியும் ஆட்சிக்கு வந்தபின் இதை நீக்கியதில்லை.