ஏசாயா நூலில் ஒலிக்கும் பெயரற்ற குரல்

பத்திரிகை அலுவலகத்தில் திகதியிடப்படாத கட்டுரையொன்று கைக்குக் கிடைத்தால், அது எழுதப்பட்ட காலத்தைக் கண்டறிவதற்குப் பழைய வழியொன்று உண்டு. எந்த அமைச்சரின் பெயர் அதில் வருகிறது, ஓர் இறாத்தல் பாண் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்றெல்லாம் பார்ப்போம். எழுதியவர் மறைக்க நினைத்தாலும் அவரது காலம் எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எபிரேயத் தீர்க்கதரிசன நூல்களை ஆராய்ந்த அறிஞர்கள் கையாண்ட முறையும் அடிப்படையில் இதுவேயாகும். ஏசாயா நூல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எனலாம்.

ஆமோத்சின் மகனான ஏசாயா கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமில் வாழ்ந்தவர். அவர் காலத்துப் பேரச்சம் அசீரியப் பேரரசு. அது சமாரியாவை வீழ்த்தியதும், கி.மு. 701இல் சனகெரிப் எருசலேமை நெருக்கியதும் அவர் காலத்திலேயே நிகழ்ந்தன. நூலின் முதல் 39 அதிகாரங்களின் பெரும்பகுதி இந்தச் சூழலோடு பொருந்துகிறது.

40ஆவது அதிகாரத்தில் காட்சி மாறிவிடுகிறது. கண்டனத்தின் இடத்தை ஆறுதல் பிடித்துக்கொள்கிறது. எருசலேம் பாழடைந்து கிடக்கிறது. மக்கள் பாபிலோனில் சிறையிருப்பில் இருக்கிறார்கள். அசீரியா பழங்கதையாக ஒரேயொரு முறை தலைகாட்டுகிறது. ஏசாயா என்ற பெயர் 40 முதல் 66 வரையான அதிகாரங்களில் ஓரிடத்திலும் இல்லை. மாறாக, பாரசீக மன்னன் சைரஸ் இருமுறை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறான். தமிழ் வேதாகமம் வாசித்தவர்கள் இவனைக் கோரேஸ் என்று அறிவார்கள். அவன் பாபிலோனைக் கைப்பற்றிய ஆண்டு கி.மு. 539. ஏசாயாவுக்கும் அவனுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி உண்டு.

இந்த முடிச்சை முதலில் தொட்டவர்களுள் ஒருவர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த ஸ்பானிய யூத அறிஞர், 40ஆவது அதிகாரத்துக்கு உரை எழுதுகையில், சாமுவேலின் பெயரைத் தாங்கிய நூல் அவரது மரணத்துக்குப் பின்னரும் தொடர்வதைச் சுட்டிக்காட்டி, மீதியை விவேகிகளின் ஊகத்துக்கு விட்டுவிட்டார். வெளிப்படையாகச் சொல்வது ஆபத்தான காலம் அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மன் அறிஞர்களான டோடர்லைனும் ஐக்ஹோர்னும் இதனை வெளிப்படையாகவே எழுதினர். 1892இல் பேர்ன்ஹார்ட் டூம் வெளியிட்ட உரை, 56 முதல் 66 வரையான பகுதியையும் பிரித்தெடுத்து, மூன்று காலத்துக் குரல்கள் இந்நூலில் இருப்பதாக வாதிட்டது.

எதிர்ப்பு கிளம்பியது இயல்பே. யோவான் நற்செய்தியின் 12ஆவது அதிகாரம் இந்நூலின் இரு பகுதிகளிலிருந்தும் மேற்கோள் காட்டி, இரண்டையும் ஏசாயாவின் பெயரிலேயே குறிப்பிடுகிறது. அத்துடன், பிறவாத மன்னனைப் பெயர் சொல்லி அழைப்பது இறைவனின் வல்லமைக்குச் சான்று என்றே பக்தர்கள் காலங்காலமாகக் கருதி வந்தனர். 1908இல் வத்திக்கானின் விவிலிய ஆணைக்குழு, ஒருவருக்கு மேற்பட்டோர் எழுதினர் என்பதற்கான வாதங்கள் போதியன அல்ல என்று தீர்ப்பளித்தது. 1943இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடலின் பின்னரே கத்தோலிக்க அறிஞர்களுக்கு இத்துறையில் கதவு அகலத் திறந்தது.

1947 அளவில் சாக்கடலருகே கும்ரான் குகையில் கண்டெடுக்கப்பட்ட ஏசாயாச் சுருள் இந்த வழக்கைத் தீர்த்துவைக்கும் எனச் சிலர் எதிர்பார்த்தனர். ஏழு மீற்றருக்கு மேல் நீளமான அச்சுருளில் 66 அதிகாரங்களும் தொடர்ச்சியாக உள்ளன. 40ஆவது அதிகாரம் புதிய பத்தியில் தொடங்காமல், 32ஆவது பத்தியின் கடைசி வரியில் தொடங்குகிறது. ஆனால் சுருளின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. நூல் அதற்குள் ஒன்றாகிவிட்டது என்பதை அது காட்டுகிறதேயன்றி, ஒருவரே எழுதினார் என்பதை அல்ல.

இதைவிடச் சுவையான சான்று 1879இல் பாபிலோனில் கிடைத்தது. இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் சைரஸின் களிமண் உருளை அது. பாபிலோனின் தெய்வமான மர்துக்கே தன்னைத் தெரிந்தெடுத்ததாகவும், போரின்றி நகருக்குள் நுழைந்ததாகவும், தெய்வங்களை அவரவர் இருப்பிடங்களுக்குத் திருப்பி அனுப்பியதாகவும் அதில் சைரஸ் கூறுகிறான். யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏசாயா நூலின் 46, 47ஆம் அதிகாரங்களோ, பாபிலோனின் தெய்வங்கள் சுமையாக ஏற்றப்பட்டுச் சிறைபோவதையும் நகரம் நாசமாவதையும் முன்னுரைக்கின்றன. நடந்தது வேறு. சைரஸ் மர்துக்கை வணங்கினான், நகரமும் நிலைத்தது.

ஆய்வாளர்கள் இதிலிருந்து பெறும் முடிவு நோக்கற்பாலது. வெற்றிக்குப் பின்னர் எழுதியிருந்தால் எவரும் இப்படி எழுதியிருக்கமாட்டார். ஆகவே, சைரஸின் பெயர் பரவத் தொடங்கிய பின்னரும், கி.மு. 539க்கு முன்னரும் இவ்வதிகாரங்கள் பிறந்திருக்க வேண்டும். நிறைவேறிய வாக்கைவிட, நிறைவேறாத வாக்கே காலத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது.

இவ்வாய்வு தீர்க்கதரிசனத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டதா என்று நம்பிக்கையாளர்கள் கேட்பதுண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பிருந்து பாதுகாப்பாகப் பேசியவராக அன்றி, தோற்றுப்போன மக்கள் நடுவே நின்று பேசியவராக ஒரு மனிதர் நமக்குத் தெரிகிறார். ஊரும் ஆலயமும் அழிந்து அரை நூற்றாண்டாகிறது. திரும்பிப் போவோம் என்று சொல்வதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்நிலையில் அந்நிய மன்னன் ஒருவனை, அபிஷேகம் பண்ணப்பட்டவன் என்ற பொருளுடைய மெசியா எனும் பட்டத்தால் அவர் அழைக்கிறார். எபிரேய விவிலியத்தில் இஸ்ரவேலர் அல்லாத அரசன் ஒருவனுக்கு அப்பட்டம் கிடைப்பது இங்கு மட்டுமே. தாவீதின் வம்சத்தை எதிர்பார்த்திருந்தோருக்கு அது எத்தனை கசப்பாக இருந்திருக்கும்! பாபிலோனிய ஆட்சியாளரின் காதுக்கு எட்டியிருந்தால் அது இராஜதுரோகமாகவும் கொள்ளப்பட்டிருக்கும்.

விவரங்களில் அவர் தவறினார், திரும்புதல் நிகழ்ந்தது. முடிவு தெரிந்த பின் எழுதுவது எங்களைப் போன்ற பத்திரிகைக்காரருக்கு எளிது. முடிவு தெரியாத நாளில், தன் பெயரையும் பதிக்காமல், நம்பிக்கையை எழுதி வைத்துப் போன அந்த மனிதரை 2,500 ஆண்டுகளாக நாம் ஏசாயா என்ற பெயரிலேயே வாசித்து வருகிறோம்.