வாக்கும் வாக்குறுதியும்: 1916இல் அமெரிக்கப் பெண்கள்

1916ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தபோது, அந்நாட்டின் 48 மாநிலங்களில் 12இல் மட்டுமே பெண்கள் அதிபருக்கு வாக்களிக்க முடிந்தது. அவற்றிலும் இல்லினாய் மாநிலத்தின் நிலை விந்தையானது. அங்கு 1913இல் வந்த சட்டம் அதிபர் தேர்தலில் பெண்களுக்கு இடமளித்தது; ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ தரவில்லை. ஆதலால் பெண்களுக்கெனத் தனி வாக்குச்சீட்டு, தனி வாக்குப்பெட்டி. அரைகுறையாகக் கிடைத்த அந்த உரிமையை எவருக்குச் சார்பாகப் பயன்படுத்துவது என்ற கேள்வி அவ்வாண்டு பெரிதாக எழுந்தது.

களத்தில் இருவர். ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன், பெண் வாக்குரிமையை மாநிலங்களே தீர்மானிக்கட்டும் என்றார். குடியரசுக் கட்சியின் சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ், நாடு முழுமைக்குமான அரசியல் சட்டத் திருத்தத்தை ஆகஸ்ட் மாதம் வெளிப்படையாக ஆதரித்தார்.

உரிமைக்காகப் போராடியவர்களோ இரு அணியாக நின்றனர். ஆலிஸ் பால் வழிநடத்திய தேசியப் பெண்கள் கட்சி, திருத்தத்தைத் தடுக்கும் ஆளுங்கட்சியைத் தோற்கடிக்குமாறு பெண் வாக்காளர்களை வேண்டியது. கேரி சாப்மன் கேட் தலைமையிலான பெரிய சங்கமோ எக்கட்சியையும் சாராமல், செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய தன் மாநாட்டுக்கு வில்சனையே அழைத்துப் பேசவைத்தது. ஆலிஸ் பால் அணிக்காக மேற்கு மாநிலங்களில் ஊர் ஊராகப் பேசிவந்த இனெஸ் மில்ஹாலண்ட், உடல்நலம் குன்றிய நிலையிலும் ஓயவில்லை. அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தார். அடுத்த மாதம், முப்பதே வயதில் மறைந்தார்.

தேர்தல் முடிவில், அந்த 12 மாநிலங்களில் 10ஐ வில்சன் வென்றார். ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருக்க, நாட்டைப் போரில் இழுத்துவிடாதவர் என்பதே அவருடைய பெரிய பலம். இல்லினாயில் தனியே எண்ணிய பெண்கள் வாக்குகளில் ஹியூஸ் முந்தினார். மான்டனாவில் வில்சன் வென்ற அதே நாளில், எதிர்க்கட்சியின் ஜெனட் ரேங்கின் காங்கிரசுக்குத் தேர்வாகி, அந்த அவையின் முதல் பெண் உறுப்பினரானார். பெண்கள் ஒரே வாக்கு வங்கி என்ற எண்ணத்துக்கு இம்முடிவுகளில் இடமில்லை. போர், கட்சி, உரிமை என்று பலவற்றையும் சீர்தூக்கிப் பார்த்த குடிமக்களே அவர்கள்.

ஆனால் கதை வாக்குப்பெட்டியோடு முடியவில்லை. 1917 ஏப்ரலில் வில்சன் போரில் இறங்கினார். ரேங்கின் அதை எதிர்த்து வாக்களித்தார். அதற்கு முன்பே, ஜனவரியிலிருந்து, ஆலிஸ் பால் அணியினர் வெள்ளை மாளிகை வாயிலில் பதாகை ஏந்தி நின்றனர். பலர் சிறை சென்றனர். மறுபுறம் கேட் அணியினர் காங்கிரசிலும் மாநிலங்களிலும் ஆதரவு திரட்டியபடியே இருந்தனர். 1918 ஜனவரியில் வில்சன் திருத்தத்தை ஆதரிக்க முன்வந்தார். 1920 ஆகஸ்டில் 19ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தென்மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர்க்கு அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அவர்கள் போராட நேர்ந்தது.

ஒரு வேட்பாளரை ஆதரிப்பது அவருக்கு அடிமைச் சாசனம் எழுதித் தருவதாகாது. வென்றவரை நாம் ஆதரித்திருந்தாலும் எதிர்த்திருந்தாலும், அவரிடம் கணக்குக் கேட்கும் கடமை நம்முடையதே. அக்கடமையைத் தேர்தலுக்குப் பின்னும் கைவிடாததால்தான் அந்தப் பெண்களால் ஓர் அதிபரின் நிலைப்பாட்டையே மாற்ற முடிந்தது.