பழைய காற்றாலைகள்: தமிழ்நாட்டு வரலாறும் பாதுகாப்பும்

காற்றின் விசையால் சுழன்று வேலை செய்யும் பொறி காற்றாலை எனப்படும். தொடக்கத்தில் இது தானியம் அரைக்கவும் நீர் இறைக்கவும் பயன்பட்டது. ஈரானின் நஷ்டிபான் ஊரில் மண்ணால் கட்டிய பழங்கால ஆலைகளை இன்றும் காணலாம். நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் தாழ்நிலத்து நீரை வடிப்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலைகள் 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. தமிழ்நாட்டில் அவ்வளவு பழைய ஆலைகளைத் தேட வேண்டியதில்லை. நம்முடைய பழைய காற்றாலைகள் மின்சாரம் தந்தவை. அவற்றின் வயது நாற்பதை ஒட்டியதுதான். ஆயினும் அவையும் வரலாறே.

டேனியரின் இரண்டாம் வருகை

பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி உள்ளது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்ற டேனியர் அங்கே கோட்டை கட்டினர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். அந்த டேன்சுபோர்க் கோட்டையைத் தமிழ்நாடு தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. அங்கு அருங்காட்சியகமும் உண்டு.

அதே டென்மார்க் பின்னர் காற்றாலை வழியாகவும் தமிழகம் வந்தது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசின் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை அமைந்தது. அடுத்து, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், டென்மார்க் அரசின் டானிடா உதவியுடன் கயத்தாற்றில் 6 மெகாவாட், முப்பந்தலில் 4 மெகாவாட் பண்ணைகள் எழுந்தன. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊராகவே அறியப்பட்டிருந்த கயத்தாற்றுக்கு இவ்வாறு இன்னொரு அடையாளமும் கிடைத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து வீசுவதால் முப்பந்தல் பின்னர் நாட்டின் முன்னணிக் காற்றாலைப் பகுதிகளில் ஒன்றானது.

ஏன் அகற்றப்படுகின்றன?

அக்கால இயந்திரங்கள் 55 கிலோவாட் போன்ற சிறிய திறன் கொண்டவை. இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றலும் அதற்கேற்பப் பெருகும். உயரம் கூடினால் காற்றின் வேகமும் கூடும். இன்றைய 2 மெகாவாட் இயந்திரம் ஒன்று, 55 கிலோவாட் இயந்திரங்கள் முப்பத்தாறுக்குச் சமம். நல்ல காற்று வீசும் இடங்களைப் பழைய சிறு இயந்திரங்கள் பிடித்திருப்பதால், அவற்றை மாற்றுவதற்கும் புதுப்பிப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை அறிவித்தது. இது தேவையான முடிவே. ஆனால் எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், இந்தத் தொழில் எங்கிருந்து தொடங்கியது என்று மாணவருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

கெட்சர் தரும் பாடம்

டென்மார்க்கின் கெட்சர் என்னுமிடத்தில் 1957இல் யோகன்னசு யூல் 200 கிலோவாட் காற்றாலையை அமைத்தார். அது 1967இல் நிறுத்தப்பட்டாலும் பிரித்தெடுக்கப்படவில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது உலகம் காற்றை மீண்டும் நாடியது. அப்போது கெட்சர் காற்றாலையைப் பழுதுபார்த்து இயக்கி அளவீடுகள் எடுத்தனர். அமெரிக்காவின் காற்றாற்றல் ஆய்வுக்கும் அவை உதவின. பிற்காலத்தில் அதன் சுழலியும் பொறிப்பகுதியும் அருங்காட்சியகம் சேர்ந்தன. பயனற்றது என்று அன்றே உடைத்திருந்தால் அந்த அளவீடுகள் கிடைத்திருக்குமா?

செய்ய வேண்டியவை

எல்லாப் பழைய காற்றாலைகளையும் காக்க இயலாது. அது தேவையும் இல்லை. தொடக்ககாலப் பண்ணைகளின் இயந்திரம் ஒன்றேனும் காக்கப்பட வேண்டும். நிலம் விலைமதிப்புடையது என்றால் அதை வேறிடத்துக்கு மாற்றி நிறுவலாம். பல்சக்கரப் பெட்டி, மின்னாக்கி, தடுப்புக் கருவி ஆகியவற்றை மாணவர் அருகிருந்து பார்க்கும்படி வைக்கலாம். உற்பத்திப் பதிவேடுகளையும் பழுதுநீக்கக் குறிப்புகளையும் மின்வடிவாக்கலாம். கோபுரமேறி வேலை பார்த்த முதல் தலைமுறைத் தொழிலாளரின் அனுபவங்களைப் பதிவு செய்வது இன்னும் அவசரமானது. நெதர்லாந்தில் ஆலை இயக்குவோரின் கைத்திறனையே 2017இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது.

தரங்கம்பாடிக் கோட்டை நான்கு நூற்றாண்டு கடந்து நிற்பதற்குக் காரணம், அதைக் காக்க வேண்டும் என்று உரிய காலத்தில் சிலர் எண்ணியதே. கயத்தாற்றுக்கும் முள்ளக்காட்டுக்கும் அந்தக் காலம் இதுவே.