பிரேக் ஆயிலும் விளக்கெண்ணெயும்

பொம்மனஹள்ளியில் ஹோசூர் ரோட்டை ஒட்டி நிறைய கார்மெண்ட்ஸ் கம்பெனிகள். அங்கே துணி மூட்டை ஏற்றி இறக்குகிற பழைய பிக்கப் வண்டிகளை ஓட்டுகிறவர்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து நம்மாட்கள் அதிகம். வங்கியில் வண்டிக் கடன் ஃபைல்கள் என் மேஜைக்கு வரும். தவணை ஏன் வரவில்லை என்று கேட்டால் அடிக்கடி கேட்கும் பதில், "வண்டி ஷெட்ல நிக்குது சார், ஆயில் சீல் போச்சு." சில நூறு ரூபாய் சமாச்சாரம், ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை நிறுத்திவிடுகிறது. காமர்ஸ் படித்தவனுக்கு ரப்பர் வளையத்தில் என்ன அக்கறை என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு, படித்துப் படித்து, அதன் சரித்திரமே ருசியாகிவிட்டது.

சுழலுகிற ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் தடுக்க முதலில் இருந்தவை தோலும், கம்பளி ஃபெல்ட்டும், கயிறும்தான். பழைய வில்லிஸ் ஜீப் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் கயிறு மாதிரியான பேக்கிங்தான் இருந்தது. நம்ம அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சினில் அந்த இடத்தில் சீலே கிடையாது. ஷாஃப்டில் திருகு மாதிரி ஒரு வரி வெட்டியிருக்கும், அது சுற்றும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். அம்பாசிடர் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு இருந்தால் டிரைவர் அலட்டிக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம் :-)

இப்போது நாம் பார்க்கிற, உதடும் ஸ்பிரிங்கும் வைத்த சீல் ஜெர்மனியில் வளர்ந்தது. வைன்ஹைம் ஊரில் ஃப்ராய்டன்பெர்க் என்று 1849-ல் ஆரம்பித்த தோல் தொழிற்சாலை. 1929 பொருளாதாரச் சரிவில் தோல் வியாபாரம் படுத்துவிட, தோலில் சீல் செய்யத் தொடங்கினார்கள். வால்தர் சிம்மர் என்ற பொறியாளரின் பெயரால் அது 'சிம்மரிங்' ஆனது. 1936-ல் தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் வந்தது. மரத்து ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பிக் கொழகொழத்துப் போகும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் தாங்கும். எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சிலில் இன்றும் கறுப்பாகக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

தோலா நைட்ரைலா என்ற கேள்வி நம் ஊரிலும் வந்தது. தெருமுனை அடிபம்பு நினைவிருக்கிறதா? அந்த 'இந்தியா மார்க் 2' பம்பு 1970களின் பிற்பகுதியில் யுனிசெஃப் ஆதரவில், சென்னை ரிச்சர்ட்ஸன் அண்ட் குருடாஸ் நிறுவனத்தின் பங்களிப்போடு உருவானது. உள்ளே தோல் வாஷர். தேய்ந்துவிட்டால் குழாயையெல்லாம் மேலே இழுக்க வேண்டும், அதுவரை குடங்கள் வரிசையில் காத்திருக்கும். 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்புகளை வைத்து நடந்த கள ஆய்வில், தோலை எடுத்துவிட்டு நைட்ரைல் வாஷர் போட்டால் பழுது வெகுவாகக் குறைவது தெரிந்தது. அங்கிருந்துதான் மார்க் 3 வந்தது.

இனி பிரேக். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1921-ல் டியூசன்பெர்க் காரில் மால்கம் லாக்ஹீடின் ஹைட்ராலிக் பிரேக் நாலு சக்கரத்துக்கும் வந்தது (விமானக் கம்பெனி லாக்ஹீட் இவர் சகோதரருடையது). தோல் வாஷர் ஒழுகியது. 1924-ல் கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பர் போட்டுச் சரிசெய்தார்கள். மரத்து ரப்பர்தான் எண்ணெயில் உப்புமே, எப்படி? அந்தக் காலத்து பிரேக் திரவத்தில் இருந்தது விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும். விளக்கெண்ணெய் ரப்பரை உப்ப வைக்காது. ஆக 'பிரேக் ஆயில்' என்ற பெயர் அன்றைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பிறகு கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன, டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருப்பவை. அதில் எண்ணெயே இல்லை. பெயர் மட்டும் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர்தான் ஆபத்து. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர், கிளைக்காலுக்கு ஏற்ற வேறு ஜாதி, பெரும்பாலும் இபிடிஎம். அதில் எஞ்சின் ஆயில் கொஞ்சம் பட்டாலே உப்பிப் பிடித்துக்கொள்ளும். நைட்ரைலைக் கொண்டுபோய் பிரேக்கில் போட்டாலும் அதே கதி. எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர், அளவு குறைந்திருக்கிறதே என்று டப்பாவில் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றினார். மூன்றாம் நாள் பெடல் திரும்பவில்லை. மடிவாளா சரிவில், முன்னால் பள்ளிக்கூட வேன். எப்படியோ ஹேண்ட் பிரேக்கில் நின்றது. அப்புறம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதாயிற்று. துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவதெல்லாம் இதில் செல்லாது.

ஜே.சி. ரோட்டில் ஆயில் சீல் கேட்கப் போகிறவர்கள் பழைய சீலைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அதில் 35×52×7 என்கிற மாதிரி எண் இருக்கும்: ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். அளவு ஒன்றாக இருந்தால் போதாது, எந்த இடத்துக்கு என்றும் சொல்ல வேண்டும். நைட்ரைல் சுமார் 100 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் சூடேறும் இடத்துக்கு டூபாண்ட் 1957-ல் கொண்டுவந்த விட்டான் ஜாதி. விலை கூடுதல்தான். நிறத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், பழுப்பாக இருப்பதெல்லாம் விட்டான் அல்ல.

புது சீல் போட்டும் பத்து நாளில் ஒழுகினால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஆக்சிலின் பிரீதரைப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீலையும் தள்ளிவிடும். ஷாஃப்டில் பழைய உதடு உரசிய இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற பள்ளமாக இருந்தால் மேலே மெல்லிய ஸ்லீவ் ஏற்றச் சொல்லலாம். இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தாலும் உதடு புது இடத்தில் பதியும். பின் சக்கர சீல் ஒழுகியிருந்தால் டிரம்மைக் கழற்றி லைனரையும் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் குடித்த லைனரை பெட்ரோல் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம், வேண்டாம் அண்ணா, புதுசே போடுங்க என்று சொல்லிவிடுங்கள்.