குவான்ட்டா, டேட்டாவா?

"சார், குவான்ட் ஃபைனான்ஸில் சேரவா, டேட்டா சயின்ஸிலா?" என்று புள்ளியியல் மாணவர்கள் கேட்டால், நான் ரேங்க் பட்டியலைத் தொடமாட்டேன், 1973-க்குப் போய்விடுவேன். நிதிச் சந்தையைக் கணிதத்தால் அளக்கும் குவான்ட் ஃபைனான்ஸின் வேர் அங்கேதான்.

அந்த ஏப்ரலில் சிகாகோவில் ஆப்ஷன் சந்தை திறந்தது. அதே ஆண்டு, ஆப்ஷனுக்கு விலை கணக்கிடும் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் அச்சேறியது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஃபிஷர் பிளாக் சும்மா இருக்கவில்லை. ஆப்ஷன் விலைகளைக் கணினியில் போட்டுத் தாள்களாக அச்சடித்து விற்றார். சந்தைக் கூச்சலுக்கு நடுவே வியாபாரிகள் அவற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசினார்கள். 1993-ல் டெக்சாஸ் துகள் முடுக்கித் திட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் கைகழுவியதும், இயற்பியல்காரர்கள் சிலர் இதுபோன்ற கணக்குகளைப் போட வால் ஸ்ட்ரீட்டில் கரையேறினார்கள். 1994-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் குவான்ட் ஃபைனான்ஸுக்கென்றே முதுநிலைப் படிப்பு தொடங்கியது.

டேட்டா சயின்ஸின் வேர் வேறு. தரவை அலசுவதே தனி அறிவியல் என்று 1962-லேயே புள்ளியியலாளர் ஜான் டூக்கி எழுதினார். எங்கள் புள்ளியியல் ஆட்கள் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. (இன்றைக்கும் சிலருக்குக் கேட்கவில்லை.) 2007-ல்தான் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனலிட்டிக்ஸ் என்ற தரவுப் பகுப்பாய்வு முதுநிலைப் படிப்பு வந்தது. மறு வருடமே வால் ஸ்ட்ரீட் வங்கியான லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. கணக்கில் கெட்டிக்காரர்களின் பார்வை இணைய நிறுவனங்கள் பக்கம் திரும்பியது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, குவான்ட் படிப்புக்கு அடிப்படையான ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் புத்தகத்தை நீட்டுவேன். ஒரு வாரத்தில் திருப்பித் தருபவர்களை டேட்டா பக்கம் அனுப்பிவிடுவேன்.