பினாங்குக் கொடியில் ஒரு மரம்



எங்கள் தோட்டப் பள்ளிக்குப் பினாங்கு மாநிலக் கொடியொன்று வாங்கி வந்தோம். விரித்ததும், "தென்னை மரம்!" என்றார்கள் மாணவர்கள். ஆயாக் கிழவியோ, "பாக்கு மரமடா!" என்று சிரித்தார். அவர் சொன்னதே சரி.

பாக்குக்கு மலாயில் 'பினாங்' என்று பெயர். 1786-இல் ஆங்கிலேயர் இத்தீவைக் கைக்கொண்டு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயரிட்டனர். அப்பெயர் ஏட்டோடு போயிற்று. மரத்தின் பெயரே நிலைத்தது. 1957-இல் சுதந்திர மலாயாவின் மாநிலமானபோதும் அதுவே பெயர்.

கொடியின் இளநீலம் தீவைச் சூழ்ந்த கடல், வெள்ளை அமைதி, மஞ்சள் செழிப்பு. நடுவில் வெள்ளைப் பட்டையில் நிற்கிறது பாக்கு மரம்.

கொடியை வாங்கினால் போதுமா? பொருளையும் அறிய வேண்டாமா? உங்கள் வீட்டில் வெற்றிலை போடும் பாட்டியிடம் கொடியைக் காட்டுங்கள். பாடத்தை அவரே தொடங்கி வைப்பார்.