உரக்கச் சொல்ல முடியாத சொல்: விருந்தினர் வைஃபைக்குக் கியூஆர் குறியீடு வந்த வழி

"பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? அது பூஜ்ஜியமா, ஓ-வா?" வீட்டுக்கு வந்தவருக்கு வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லிக்கொடுத்த எவருக்கும் இந்த உரையாடல் பழக்கம். இன்று ஒரு கட்டத்தைக் கேமராவில் காட்டினால் வேலை முடிகிறது. இந்த மாற்றத்துக்குக் கைப்பேசிக் கேமராவே காரணம் என்று பொதுவாகக் கருதுகிறோம். எந்தத் தர அமைப்பும் வகுக்காத ஒற்றை வரி எழுத்துமுறைக்கே முதல் பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

வைஃபையின் அடிப்படைத் தரம் 1997இல் வந்தது. அதன் முதல் பூட்டான டபிள்யூஇபி-யை 2001இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமிர் ஆகிய மூவரின் ஆய்வு உடைத்துக் காட்டியது. 2003இல் மாற்றாக வந்த டபிள்யூபிஏ, 8 முதல் 63 எழுத்து வரையிலான கடவுச்சொல்லைக் கேட்டது. நீளம்தான் பாதுகாப்பு, ஆனால் நீள நீள அது வாயால் சொல்லத் தகாததாயிற்று.

தொழில்துறை இதற்குத் தந்த விடை டபிள்யூபிஎஸ்: ரௌட்டரில் ஒரு பொத்தான் அல்லது 8 இலக்க எண். அந்த எண்ணை ரௌட்டர் இரு பாதியாகப் பிரித்துச் சரிபார்த்தது; கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 இறுதியில் ஸ்டெஃபான் ஃபீபாக் நிறுவினார். அதிகாரபூர்வ வழி அத்துடன் நம்பிக்கை இழந்தது.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994இல் கியூஆர் குறியீட்டை உருவாக்கியது வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான். காப்புரிமையை வைத்திருந்தும் பிறர் பயன்படுத்துவதை நிறுவனம் தடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை இல்லாமல் அடுத்த கட்டம் நடந்திருக்காது.

ஆண்ட்ராய்டின் தொடக்க ஆண்டுகளில், குறியீடுகளைப் படிக்கும் 'இசட்எக்ஸ்இங்' என்ற திறமூல நிரலகம், வைஃபை விவரங்களைக் கியூஆர் குறியீட்டில் எழுத ஓர் எளிய வழக்கத்தை வகுத்தது. முதலில் 'வைஃபை' என்று ஆங்கில எழுத்தில், பிறகு முக்காற்புள்ளி. அடுத்து டி என்ற எழுத்தின் பின் பூட்டின் வகை, எஸ்-இன் பின் வலையமைப்பின் பெயர், பி-இன் பின் கடவுச்சொல். இடையிடையே அரைப்புள்ளி, முடிவில் இரண்டு அரைப்புள்ளி. அவ்வளவுதான். யாரும் எழுதலாம், எந்தச் செயலியும் படிக்கலாம். 2017இல் ஐஓஎஸ் 11-இன் கேமரா இதே வரியை நேரடியாகப் படித்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10-இன் அமைப்புகள் பகுதியே இக்குறியீட்டைக் காட்டத் தொடங்கியது. வைஃபை தொழில்துறையின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ், டபிள்யூபிஏ-வின் புதிய தலைமுறையான டபிள்யூபிஏ3-இன் விவரக்குறிப்பில் இந்த வடிவத்தை ஏற்றது 2020இல். வழக்கு முந்தியது, இலக்கணம் பின்னால் வந்தது.

ஒன்றை மட்டும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குறியீடு எதையும் மறைப்பதில்லை. கடையின் கல்லாவுக்கு மேலே ஒட்டிய கட்டத்தைப் படம் பிடித்தவர் கையில் கடவுச்சொல் அப்படியே இருக்கிறது. ஆண்ட்ராய்டு அதைக் காட்டுமுன் கைரேகையோ திரைப்பூட்டு எண்ணோ கேட்பது இதனால்தான். வீட்டு வலையமைப்பைக் கொடுக்காமல் விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பு வைப்பதே நல்லது.

2018இல் வைஃபை அலையன்ஸ் அறிவித்த 'ஈஸி கனெக்ட்' இந்தக் குறையைத் தொடுகிறது. அதன் குறியீட்டில் கடவுச்சொல் இல்லை, பிறர் பார்த்தாலும் தீங்கில்லாத, கருவியின் பொதுத் திறவுகோல் உண்டு. காட்டுபவரும் மாறிவிடுகிறார்: இதன் வழக்கமான முறையில், வந்தவரின் கருவி தன் குறியீட்டை நீட்டுகிறது, வீட்டுக்காரரின் கைப்பேசி அதைப் படித்து உள்ளே விடுகிறது.